உடல் கட்டிய உறை

தனக்குள் வைக்கப்பட்ட ஓர் அந்நியப் பொருளை உடல் ஏற்றுக்கொள்கிறதா, அல்லது அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு ஏற்றுக்கொண்டதுபோல இருந்துவிடுகிறதா? முப்பிடாதியை நினைக்கும்போது இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அவள் இதை இந்தச் சொற்களில் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இடது கை தோளுக்கு மேலே போகவில்லை என்பதும், அந்தக் கை போகாவிட்டால் தன் வேலை போய்விடும் என்பதும்தான்.

ஆறுமுகநேரிக்காரி. அம்மாவும் அப்பாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள். பள்ளி விடுமுறைகளில் அவளும் போனாள். உப்பு வாரும் பலகையை இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போனது. வெள்ளை வெயிலில் கண் கூசிக் கூசி, இன்றைக்கும் எதையாவது உற்றுப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாள். லாரிச் சக்கர அச்சு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த மாரிசெல்வத்தைக் கட்டிக்கொண்டு ஒரகடம் பக்கம் வந்தபோது, இனி உப்பைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மாத்தூரில் ஓர் அறையும் சமையல் மூலையும் கொண்ட வீடு. தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும். கனிஷ்கா பிறந்து, அவளைப் பால்வாடியில் விட ஆரம்பித்த பிறகு முப்பிடாதியும் அந்த பஸ்களில் ஒன்றில் ஏறினாள்.

அவள் சேர்ந்த தொழிற்சாலை சிலிக்கோன் பொருள்கள் செய்வது. மருத்துவமனைக் குழாய்கள், மூடிகள், கூடவே மார்பகத்துக்குள் வைக்கும் பைகள். முதல் நாள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவள் கண்டது, மேலே ஓடும் சங்கிலியின் கொக்கிகளில் வரிசை வரிசையாகத் தொங்கிய அச்சுகளை. பார்த்த மாத்திரத்தில் என்னவென்று தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா வெக்கப்படுற? எல்லாம் ஆம்பள இன்ஜினீயரு வரைஞ்சது. அதான் ஒண்ணு கூட தொங்கல" என்றது பக்கத்தில் இருந்த முகமூடி. அது ஜோதி. எழிச்சூர்க்காரி, இவளைவிடச் சில வயது மூத்தவள், தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து அங்கே இருப்பவள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டபின் கண்கள் மட்டுமே வெளியே தெரியும் இடம் அது. ஜோதியின் கண்கள் சிரிக்கின்றனவா கோபப்படுகின்றனவா என்று கண்டுபிடிக்க முப்பிடாதிக்குச் சில மாதங்கள் ஆயின.

வேலை இப்படி நடக்கும். மார்பின் வடிவத்தில் உள்ள அச்சைத் திரவ சிலிக்கோனில் முக்கி எடுத்துக் கொக்கியில் மாட்டி வடியவிடுவார்கள். காய்ந்ததும் மறுபடி முக்குவார்கள். இப்படிப் பல பூச்சுகள் சேர்ந்து ஒரு தோலாகும். சூளையில் இறுகியபின் அச்சிலிருந்து உரித்தெடுத்தால் கையில் ஒரு வெற்றுப் பை நிற்கும். அதனுள் கூழ் நிரப்பி மூடிவிடுவார்கள். இது வழவழப்பான வகை, ஜோதியின் பகுதி. இன்னொரு வகை சொரசொரப்பானது. அதற்குக் கடைசிப் பூச்சு பிசுபிசுவென்று இருக்கும்போதே அதன்மேல் சலித்த உப்பைத் தூவி ஒட்டவைக்க வேண்டும். இறுகியபின் வெந்நீரில் போட்டு மென்மையான தூரிகையால் தேய்த்தால் உப்பு கரைந்துபோகும். உப்பு இருந்த இடமெல்லாம் பொடிக் குழிகளாக நிற்கும்.

முப்பிடாதியை உப்புப் பகுதியில் போட்டார்கள். ஊர் பார்த்துப் போட்டதல்ல. அங்கேதான் ஆள் குறைவாக இருந்தது.

"உப்பே வேண்டாம்னு ஓடியாந்தேன்க்கா. எனக்கு முந்தி அது வந்து உக்காந்திருக்கு" என்று ஜோதியிடம் சொன்னாள்.

"அங்க சோத்துக்குப் போட்ட, இங்க அழகுக்குப் போடு."

அழகு என்று ஜோதி சொன்னது பாதிதான் சரி. அந்தப் பைகளில் ஒரு பங்கு, நோயால் மார்பை இழந்த பெண்களுக்குப் போனது. அப்போது முப்பிடாதிக்கு அது வெறும் தகவல்.

அவள் வேலையில் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. ஒழுங்கானவள், அவ்வளவே. ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அலசிய பைகளில் உப்பு மீதம் இருக்கிறதா என்று பார்க்கக் கடைசித் தண்ணீரை எடுத்துப்போய்ப் பக்கத்து அறைக் கருவியில் வைத்து அளக்க வேண்டும். அதற்குக் காத்திருக்க வேண்டும். உப்பளத்தில் யாரும் கருவிக்காகக் காத்திருந்ததில்லை. பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். அதே கை, அதே நாக்கு. முகமூடியைக் கொஞ்சம் இறக்கி, கையுறை போட்ட விரலைத் தொட்டியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிறகு கருவிக்கும் அனுப்பிவிடுவாள். கருவி சொல்வதும் நாக்கு சொல்வதும் ஒன்றாக இருந்தால் அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்.

ஒரு நாள் தர மேற்பார்வையாளர் புருஷோத்தமன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துவிட்டார். அவர் கத்தியது கண்ணாடியைத் தாண்டிக் கேட்கவில்லை; கைகள் ஆடியது மட்டும் தெரிந்தது. அந்தத் தொட்டியில் இருந்த பைகள் எல்லாம் வெட்டி எறியப்பட்டன.

மறுநாள் ஷிப்ட் தொடங்குமுன் புருஷோத்தமன் பெண்களை நிறுத்திப் பேசினார். அவர் கோபக்காரர். ஆனால் கோபம் இறங்கியபின் நன்றாக விளக்கத் தெரிந்தவர்.

"உடம்புக்கு சிலிக்கோன்னா என்னன்னு தெரியாதும்மா. முள்ளு, கம்பித்துண்டு, இந்தப் பை எல்லாமே அதுக்கு ஒண்ணுதான். வெளியே தள்ளப் பாக்கும். முடியலன்னா சுத்தி ஒரு உறை கட்டிடும். காயம் ஆறினா தழும்பு வருது இல்ல, அதே சதைதான். எல்லா உடம்பும் கட்டும். கட்டறது தப்பில்ல. அது இறுகறதுதான் வினை."

வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு அதைச் சுற்றிக் கோடுகள் இழுத்தார்.

"பை வழவழன்னு இருந்தா அந்த உறையோட நாரெல்லாம் ஒரே வாட்டமா, பக்கத்துல பக்கத்துல படுத்துக்கும். கபடில எல்லாரும் கை கோத்துக்கிட்டு வளைக்கறாங்க பாருங்க, அந்த மாதிரி. ஒண்ணா இழுத்துதுன்னா உள்ள இருக்கறது பந்து மாதிரி சுருண்டு கல்லாயிடும். குழி குழியா இருந்தா நாரு ஒண்ணொண்ணும் ஒரு திக்குல போய்ப் பூந்துக்கும். நீ அந்தப் பக்கம் இழு, நான் இந்தப் பக்கம் இழுக்கறேன்னு. இழுப்பு சேராது."

"எங்க வூட்டு ஆளுங்க மாதிரி சார்" என்றாள் ஜோதி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

"எல்லாருக்கும் இறுகாது. யாருக்கு இறுகும்னு முன்கூட்டி சொல்லவும் முடியாது. ஆனா கிருமி இருந்தா இறுகறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. உடம்பு சண்டையை நிறுத்தவே நிறுத்தாது. உறை தடிச்சிக்கிட்டே போவும். நாம கடைசியில சூட்டுல வச்சுக் கிருமியக் கொல்றோம், சரி. செத்த கிருமியோட மிச்சம் ஒட்டிக்கிட்டு இருந்தா? அதுக்கும் உடம்பு சண்ட போடும்." பிறகு முப்பிடாதியைப் பார்த்தார். "எத்தன நாளா நாக்குல வச்சுப் பாக்கற?"

"நேத்து மட்டுந்தான் சார்."

ஜோதியின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. பல மாதங்களாக ஜோதி அதைப் பார்த்திருக்கிறாள். சொல்லவில்லை. நாக்கில் வைத்த விரல் திரும்பத் தொட்டிக்குள் போனதா, ஒவ்வொரு தடவையும் கையுறையை மாற்றினாளா என்பது முப்பிடாதிக்கே நிச்சயமில்லை. மாற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அன்று மாலை பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"யார் யாருக்கோ போயிருக்கும்லாக்கா?" என்றாள் முப்பிடாதி.

"போயிருக்கும். போவாமயும் இருந்திருக்கும். தூங்கு" என்றாள் ஜோதி.

ஒரு மனிதர் தான் செய்த தவறின் விளைவைப் பார்க்கவே முடியாத இடத்தில் நிற்பது ஒருவகைத் தண்டனை. ஒருவகைச் சலுகையும்கூட. முப்பிடாதிக்கு அது இரண்டாகவும் இருந்தது. அதன்பின் அவள் தொட்டியைத் தொடவில்லை. கருவிக்காகக் காத்திருந்தாள்.

அதற்கடுத்த ஆண்டு உப்பறையையே மூடினார்கள். உலகம் முழுக்கச் சொரசொரப்பு அதிகமான பைகள் வைத்த பெண்களில் மிகச் சிலருக்கு, அந்த உறையைச் சுற்றி அபூர்வமான ஒரு புற்று வருவதாகத் தெரிந்தது. பல நாடுகளில் அத்தகைய பைகளை நிறுத்தினார்கள். இந்தத் தொழிற்சாலைப் பையால் யாருக்கும் அப்படி வந்ததாகத் தகவல் இல்லை. இருந்தாலும் நிறுத்தினார்கள். இறுகாமல் இருக்கட்டும் என்று போட்ட குழிகளே இன்னொன்றுக்கு இடம் கொடுத்தன. வழவழப்பாக இருந்தால் ஒரு தொல்லை, சொரசொரப்பாக இருந்தால் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே, விரலுக்குத் தட்டாத அளவு மெல்லிய சொரசொரப்பை உப்பில்லாமல் அச்சிலேயே பதித்துச் செய்யலாமா என்று இன்ஜினீயர்கள் ஆரம்பித்தார்கள். முப்பிடாதியை ஜோதியின் பகுதிக்கு மாற்றினார்கள். முக்கியெடுத்த அச்சுகளைத் தலைக்கு மேலே ஓடும் கொக்கிகளில் மாட்டுகிற வேலை. நாள் முழுக்க இரண்டு கையும் மேலே போய்க்கொண்டே இருக்கும்.

கட்டி வந்தது அதற்குப் பிறகு. இடது மார்பில், குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அதை அவள் மாரிசெல்வத்திடம் சொல்வதற்கு முன் ஜோதியிடம் சொன்னாள். ஜோதி அவளை லைனிலிருந்து இழுத்துக்கொண்டுபோய்ப் புருஷோத்தமன் முன் நிறுத்தி, "லீவு குடு சார், ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போணும்" என்றாள். எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை.

சென்னையில் சிகிச்சை. மார்பை எடுத்தார்கள். மருந்து, பிறகு கதிர்வீச்சு. முடி கொட்டி, முளைத்து, கழுத்து வரைக்கும் வளர்ந்தபின் மார்பை மறுபடி அமைக்கலாம் என்று டாக்டர் சங்கரநாராயணன் சொன்னார். திருநெல்வேலிக்காரர். அவள் பேச ஆரம்பித்ததுமே ஊரைக் கேட்டுவிட்டார். தொழிற்சாலை தன் பங்குக்கு ஒரு பையைக் கொடுக்க முன்வந்தது. புது வகை அப்போது தயாராகவில்லை. வழவழப்பான வகைதான் இருந்தது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் உறை இறுக வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உறை இறுகும் என்பது அவளுக்குப் புதிய செய்தி அல்ல. சரி என்றாள்.

அறுவைக்கு முன்தினம் ஜோதி பார்க்க வந்தாள்.

"என் கையால முக்கி எடுத்ததுடி. பெட்டி மேல லாட்டு நம்பரு பாத்துட்டேன். பத்திரமா வச்சிக்கோ, கீழ போட்டு ஒடச்சிடாத."

"ஒடஞ்சா ஒங்கிட்டயே சர்வீசுக்கு வாரேன்க்கா."

"வாரன்டி கீது. ஆனா மாட்டறது நீதான், கொக்கியில."

இருவரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

முதல் வருடம் ஒன்றுமில்லை. அவள் லைனுக்குத் திரும்பினாள். ரவிக்கைகளைப் பழையபடி தைத்துக்கொண்டாள். அவளிடம் வலியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, "இருக்கிறதே தெரியல" என்றாள். அது பொய்யல்ல. பிறகு மெல்ல அது இருப்பது தெரிய ஆரம்பித்தது. முதலில் ஓர் இறுக்கம், ஈரத் துணியைப் பிழிவதுபோல. பிறகு வடிவம் மாறியது. மேலேறி உருண்டை பிடித்தது. குளிர்காலக் காலைகளில் வலித்தது. கனிஷ்கா சின்ன வயதிலிருந்தே அம்மாவின் இடப்பக்கம் தலைவைத்துத் தூங்குவாள். யாரும் சொல்லாமலே அவள் வலப்பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். முப்பிடாதி அதைக் கவனித்தாள்.

கடைசியில் கை. ஒரு நாள் மாட்டப்போன அச்சு கொக்கியை எட்டாமல் கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. வலது கையாலேயே சமாளித்துப் பார்த்தாள். சங்கிலி நிற்காமல் ஓடுகிறது. ஒரு கைக்கு அது காத்திருக்காது. அவள் விட்ட கொக்கிகளில் ஜோதி ஓடிவந்து மாட்டினாள். கொஞ்ச நாள் இது யாருக்கும் தெரியாமல் நடந்தது.

"இன்னாடி, எனக்கு ரெண்டு சம்பளம் தராங்களா?" என்பாள் ஜோதி.

"நீ போக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

"கிழிச்ச. டாக்டராண்ட போ மொதல்ல."

புருஷோத்தமனுக்குத் தெரிந்தபோது அவர் திட்டவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. உட்காரச் சொன்னார். லைனில் இப்படியே வைத்துக்கொள்ள முடியாது, கை சரியானால் இடம் இருக்கிறது, இல்லையென்றால் மேலிடத்தில் அவளுக்காகத் தன்னால் பேச முடியாது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம புது மாடல் வந்தாச்சு, தெரியும்ல. மெல்லிசு சொரசொரப்பு. இதுவரைக்கும் வந்த ரிசல்ட்டெல்லாம் நல்லா இருக்கு. பழசை எடுத்துட்டு அதை வச்சிக்கோ. கம்பெனியே குடுக்கும், நான் பேசிட்டேன். நம்ம பொண்ணே வச்சிருக்குன்னா நாலு பேருக்குத் தைரியமாச் சொல்லலாம்." கொஞ்சம் யோசித்து, "அதுக்காகச் சொல்லல" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் சூது இல்லை. அவருக்கு அந்தப் பையின் மேல் உண்மையான நம்பிக்கை இருந்தது.

வீட்டில் மாரிசெல்வமும் அதையேதான் சொன்னான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"புதுசு வச்சுக்கிடு. எடுத்துட்டு சும்மா விட்டா ஒரு பக்கம்…" நிறுத்திக்கொண்டான். "எனக்காவச் சொல்லல. ஒனக்காவத்தான்."

"ஒங்களுக்காவன்னு சொல்லியிருந்தா நான் வெரசா முடிவு பண்ணியிருப்பேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "கை சரியாவணும்லா" என்றான். இருவரும் அதில் ஒத்துப்போனார்கள். கை சரியாக வேண்டும். சரியாகாவிட்டால் இந்த அறை, கனிஷ்காவின் பள்ளி, தெருமுனையில் வந்து நிற்கும் பஸ் எல்லாம் மாறும். ஊருக்குப் போகலாம். அங்கே அவளுக்குத் தெரிந்த ஒரே வேலைக்கும் இரண்டு கை வேண்டும்.

டாக்டர் சங்கரநாராயணன் தொட்டுப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். தோள் அளவில் அது நின்றது.

"உறை இறுகுததுல நாலு படி சொல்லுவோம்மா. முதல் படியில ஒண்ணும் தெரியாது. நாலாவதுல வலி, வடிவமும் கெட்டுப்போவும். நீங்க நாலாவதுல இருக்கீங்க."

"எதனால டாக்டர்?"

"பல காரணம் இருக்கலாம். கதிர்வீச்சு முக்கியமான காரணம். பை வழவழப்பா இருந்ததும் ஒண்ணு. உள்ள லேசா ரத்தம் தேங்கியிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத கிருமி இருந்திருக்கலாம். இதுதான்னு கைய வச்சுச் சொல்ல முடியாது."

"கிருமின்னா, செய்யுத எடத்துல இருந்து வருமா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். நாக்கைப் பற்றித் தெரியாது.

"ரொம்ப அரிது. வந்தா பெரும்பாலும் நம்ம தோல்ல இருந்து, இல்ல ஆபரேஷன் நேரத்துல. ஏன் கேக்குதீங்க?"

"சும்மாத்தான்."

அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். பையையும் உறையையும் சேர்த்து எடுத்துவிட்டு, புது வகைப் பையை வைப்பது முதல் வழி. மறுபடி இறுகாது என்று சத்தியம் செய்ய முடியாது. கதிர்வீச்சு பட்ட சதை, அது மறக்காது. ஆனாலும் போன தடவையைவிட வாய்ப்பு நன்றாக இருக்கிறது. பையையும் உறையையும் எடுத்துவிட்டு எதையும் வைக்காமல் மூடுவது இரண்டாவது வழி. எதுவானாலும் இழுத்துப் பிடித்திருப்பது போய்விட்டால் கை பெரும்பாலும் மேலே வரும். பயிற்சி செய்ய வேண்டும்.

"உறைய நான் பாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"எடுத்தபெறகு காட்டுதேன். வெள்ளையா, மொளகாய்ச் செடிக்கு மண்ணுல விரிக்குத பிளாஸ்டிக் தாள் மாதிரி தடிமனா இருக்கும். சில இடத்துல சுண்ணாம்புகூட ஏறியிருக்கும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரம் ஜோதி அவளோடு மாத்தூர் வரைக்கும் வந்து, டீக்கடையில் நின்று பேசினாள்.

"புதுசையே வச்சிக்கோ, முப்பி. அந்தப் புது அச்சுல மொத லாட்டு முக்குனது நான்தான். நல்லாத்தான் கீது."

"போன தடவையும் நீதான முக்குன."

ஜோதி தேநீரை ஊதிக்கொண்டே இருந்தாள். "அதான் எனக்குத் தூக்கம் வரல" என்றாள். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சிகினே கீறேன். பூச்சுல காத்து பூந்துச்சா, தூசி வுழுந்துச்சா…"

முப்பிடாதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால். "தூங்குக்கா" என்றாள்.

அறுவைக்கான நாள் குறித்தாகிவிட்டது. புது வகைப் பை ஒன்றைப் புருஷோத்தமன் தாமே மருத்துவமனைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அது பெட்டிக்குள் இருந்தது. ஒப்புதல் கையெழுத்துக்காக டாக்டர் வந்தபோது மாரிசெல்வமும் இருந்தான்.

"பைய எடுத்துருங்க டாக்டர். புதுசு வேண்டாம்" என்றாள்.

மாரிசெல்வம் ஜன்னலைப் பார்த்தான். டாக்டர் தலையசைத்தார். இதை எதிர்பார்த்திருப்பார்போல. "சரி. பை, உறை ரெண்டையும் எடுத்துட்டு மூடிருதேன்."

"உறைய எடுக்காண்டாம்."

"என்னம்மா?"

"பைய மட்டும் எடுங்க. அத அப்படியே விட்டுருங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு தடித்துப்போன உறையை எடுப்பதே தமக்குச் சரியாகப் படுகிறது என்றார். விட்டால் உள்ளே நீர் கோக்கலாம், பின்னால் பரிசோதனைகளில் குழப்பம் வரலாம். பிறகு, நேர்மையானவர் என்பதால், மறுபக்கத்தையும் சொன்னார். உறையின் அடிப்பக்கம் விலா எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதிர்வீச்சு பட்டு மெலிந்த இடத்தில் அதைச் சுரண்டி எடுப்பதிலும் ஆபத்து உண்டு. வழவழப்பான பை என்பதால் உறையை விட்டுவிடுவதை மருத்துவம் தடுக்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அது நாளடைவில் தானே ஒட்டிச் சுருங்கிவிடும்.

"ஆனா குறுக்க நாலு எடத்துல கீறி விடணும். இல்லன்னா இழுப்பு போவாது. கை வராது. சோதனைக்கு ஒரு துண்டும் எடுத்துக்கிடுவேன். அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"கீறிக்கிடுங்க. துண்டும் எடுத்துக்கிடுங்க. மிச்சம் இருக்கட்டும்."

"ஏம்மா?"

அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டச் சொன்னாள். அவர் காட்டினார்.

சோதனைக்கு எடுத்த துண்டில் நோய் எதுவும் இல்லை. உடலிலிருந்து எடுத்த பையைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பி ஆராய்வது வழக்கம். அது ஒரு மூடிய டப்பாவில் வந்தது. ஜோதி அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு ஆய்வறைக்குள் நின்றாள். விளக்குக்கு எதிரே வைத்துப் பார்த்தார்கள். இழுத்துப் பார்த்தார்கள். காற்றுக்குமிழி இல்லை, கீறல் இல்லை, கசிவு இல்லை. இறுகிப்போனதென்று எல்லோரும் சொன்ன அந்தப் பை புருஷோத்தமனின் உள்ளங்கையில் தளதளவென்று ஆடியது. கல்லானது பை அல்ல. அதை நான்கு பக்கமும் அழுத்திக்கொண்டிருந்த உறைதான்.

"நேத்து செஞ்ச மாதிரியே கீது சார்" என்றாள் ஜோதி. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். குற்றம் தன்னுடையதல்ல என்ற நிம்மதியா, அப்படியானால் குற்றம் யாருடையது என்ற கேள்வியா, அவளுக்கும் தெரிந்திருக்காது.

முப்பிடாதிக்குக் கை வந்தது. ஒரே நாளில் அல்ல. வீட்டுச் சுவரில் விரல்களால் ஏறி ஏறி, முதலில் ஸ்விட்ச் பலகை, பிறகு காலண்டர், பிறகு ஆணி. முழுமையாகவும் வரவில்லை, மழை நாட்களில் கொஞ்சம் தயங்கும். கொக்கிக்கு அது போதும். இடப்பக்கம் தட்டையாக இருந்தது. உடுப்பு போட்டால் லைனில் யாருக்கும் தெரியாது. கனிஷ்கா சில நாள் வலப்பக்கமே படுத்தாள். ஓர் இரவு தூக்கத்தில் புரண்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

அவள் செய்ததைத் துணிச்சல் என்று பாராட்ட வந்தவர்கள் இருந்தார்கள். பையை வேண்டாம் என்றதைத்தான் அவர்கள் பாராட்டினார்கள். அதற்குக் காரணம் சொல்வது எளிது. பட்டது போதும் என்று நினைத்திருக்கலாம். மறுபடி இறுகும் என்ற பயமாக இருக்கலாம். உறையை விட்டதற்குத்தான் ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. யார் யாருக்கோ போன பைகளை எண்ணித் தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஏதோ ஒரு தண்டனை என்று ஜோதி நினைத்தாள். கத்தி இன்னும் ஆழமாகப் போவதற்கு அஞ்சினாள் என்று மாரிசெல்வம் நினைத்தான். இரண்டும் பொருந்துகின்றன, அதனாலேயே இரண்டையும் நம்பத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை பஸ்ஸில் ஜோதி நேராகவே கேட்டாள்.

"அத இன்னாத்துக்குடி உள்ள வுட்டுட்டு வந்த?"

முப்பிடாதி ஒரு கண்ணைச் சுருக்கி வெளியே பார்த்தாள். ஒரகடம் சந்திப்பில் லாரிகள் நின்றிருந்தன.

"சொல்லுடி."

"எறங்குக்கா. ஸ்டாப்பு வந்துட்டு."

அன்றைக்கு அவள் இரண்டு கைகளாலும் அச்சுகளை மாட்டினாள். ஒரு கொக்கியையும் விடவில்லை.